பால் கவரை அலசும் கை

தைக்காட்டில் என் சித்தி வீட்டு அடுக்களை ஜன்னலில் ஒரு சின்னக் கொடி கட்டியிருக்கிறது. துணி உலர்த்துகிற கொடியல்ல. நீளம் இரண்டு முழம்கூட வராது. அதில் ஏழெட்டு கிளிப்புகள். காலையில் பாலை அடுப்பில் வைத்ததும் சித்தி காலிக் கவரின் மேல் விளிம்பை நீளமாக வெட்டித் திறப்பார். கத்தரி கடைசிவரை போகாது. ஒரு விரற்கடை மிச்சம் வைத்து நின்றுவிடும். பிறகு கவரைப் புரட்டி அலசுவார். அந்தத் தண்ணீர் ஜன்னலுக்கு வெளியே கறிவேப்பிலைச் செடிக்கு. இரண்டு உதறு உதறிக் கிளிப்பில் மாட்டிவிட்டு, பால் பொங்குவதற்குள் அடுப்புக்குத் திரும்பிவிடுவார்.

ஒரு நாள் அவருக்கு உதவுவதாக நினைத்து நான் கவரின் மூலையைச் சின்ன முக்கோணமாக வெட்டி எடுத்தேன். எங்கள் வீட்டில் அப்படித்தான் வழக்கம். நகத்தளவுத் துணுக்கு கீழே விழுந்தது. சித்தி குனிந்து அதைத் தேடி எடுத்தார்.

“மக்களே, துண்டா வெட்டிராத. கவரைக் கொண்டுபோக ஆள் வரும். இந்தத் துணுக்கு எங்க போகும்?”

எழுபது தாண்டியவர். கல்யாணமாகி நாஞ்சில் நாட்டிலிருந்து திருவனந்தபுரம் போனவர். அறம், ஒழுக்கம் என்றெல்லாம் அவர் பேசி நான் கேட்டதில்லை. ஆனால் அந்த “எங்க போகும்?” என்ற கேள்வி என்னை விடவில்லை. அது எங்கே போகும் என்று பார்க்க அவர் வீட்டிலிருந்து கால்மணி நேரம் நடந்தால் போதும். தம்பானூர் வந்துவிடும்.

நாகர்கோவில்காரர்களுக்குத் தம்பானூரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஒருபக்கம் ரயில் நிலையம், எதிரே பேருந்து நிலையம். 1956 நவம்பர் 1 வரை எங்கள் மாவட்டமே திருவிதாங்கூரோடு இருந்தது. இன்றைக்கும் ஆஸ்பத்திரிக்கும் படிப்புக்கும் வேலைக்கும் சாலைக் கடைத்தெருவுக்கும் போகிறவர்கள் இங்கேதான் வந்து இறங்குகிறார்கள். 1931-ல் ரயில் நிலையம் திறந்தபோது கட்டிய கல் முகப்பு இன்னும் கம்பீரமாக நிற்கிறது. தாழ்வான நிலம், நல்ல மழை பெய்தால் சாலை குளமாகிவிடும். அந்த மழைநீரை வாங்கிக்கொண்டு போக வேண்டியது ஆமயிழஞ்சான் தோடு. தோடு என்றால் மலையாளத்தில் ஓடை. ஆமை இழைந்து போன ஓடை என்று பெயரிலேயே பழைய காட்சி இருக்கிறது. ஆமை ஊர்ந்து போக இடமிருந்த, தெளிந்த தண்ணீர் ஓடிய காலம் ஒன்று இருந்திருக்க வேண்டும்.

அந்த ஓடை ரயில் நிலையத்துக்கு அடியில் நூறு மீட்டருக்கு மேல் இருட்டுக்குள் போகிறது. மேலே தண்டவாளங்கள், பெட்டிகள், பயணிகள். கீழே சுரங்கம் மாதிரி ஒரு வழி. 2024 ஜூலை 13, சனிக்கிழமை. மழைக்காலம். அந்த இடத்தில் குப்பை அள்ள இறங்கிய ஒரு தொழிலாளி திடீரென்று ஏறிய வெள்ளத்தில் காணாமல் போனார். தீயணைப்புத் துறையின் முக்குளிப்பவர்கள் இறங்கினார்கள். தேசியப் பேரிடர் மீட்புப் படை வந்தது. ரோபோக்கள் வந்தன. கடற்படையினர் வந்தார்கள். தேடப்போனவர்களுக்கு முன்னால் தண்ணீர் இல்லை, பிளாஸ்டிக்தான் இருந்தது. மெத்தை போல அடுக்கடுக்காக இறுகிப்போன கவர்கள், பாட்டில்கள், தெர்மோகோல். அதைக் கையால் விலக்கி விலக்கி ஒவ்வோர் அடியாக உள்ளே போக வேண்டியிருந்தது. மூன்றாம் நாள், 15-ம் தேதி காலை, அங்கிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் தள்ளி அவர் உடல் கிடைத்தது.

அதன் பிறகு நடந்தது பத்திரிகை படிக்கிற எல்லோருக்கும் தெரியும். ஓடையைத் துப்புரவாக வைப்பது யார் பொறுப்பு என்று ரயில்வேயும் மாநகராட்சியும் ஒன்றையொன்று சுட்டின. உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்து இருவரையும் கேள்வி கேட்டது. கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஆனால் அந்த மூன்று நாளும் தொலைக்காட்சியில் அந்தக் குப்பை மலையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு வேறொரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. அதில் ஒரு லாரிக் குப்பையை ஒரே ஆள் கொட்டியிருக்க முடியும். மற்றதெல்லாம் ஒன்றிரண்டாக, ஒவ்வொரு கையிலிருந்து விழுந்தவை. நானும் கல்லூரிப் பருவத்தில் இதே தம்பானூரில் நேந்திரங்காய் சிப்ஸ் தின்றுவிட்டுப் பாக்கெட்டைப் பாலத்துச் சுவருக்கு அப்பால் போட்டிருக்கிறேன். ஒரு தடவையல்ல. அப்போது அது ஒரு செயலாகவே தோன்றவில்லை. கையை உதறுவது போல இருந்தது. செய்தவனுக்கே நினைவில் தங்காத செயல்கள் சேர்ந்துதான் ஒரு மனிதனின் வழியை அடைத்தன என்பதை இன்றைக்கும் என்னால் சாதாரணமாகச் சொல்ல முடியவில்லை.

தமிழில் நல்ல நடத்தைக்கு ஒழுக்கம் என்று பெயர். ஒழுகு என்ற வினையிலிருந்து வந்த சொல். நீர் ஒழுகும், மனிதனும் ஒழுகுவான். இடைவிடாமல் ஒரே போக்கில் போய்க்கொண்டிருப்பது என்பதே அடிப்பொருள். மலையாளத்தில் ஒழுக்கு என்றால் இன்றைக்கும் நீரோட்டம்தான். எனக்கு இது மிகப் பெரிய செய்தியாகப் படுகிறது. ஒரே ஒரு நாள் செய்த வீரத்தையோ தியாகத்தையோ நம் மொழி ஒழுக்கம் என்று சொல்லவில்லை. நிற்காமல் ஓடுவதற்குத்தான் அந்தப் பெயரைக் கொடுத்தது. வள்ளுவர் ஒழுக்கமுடைமை அதிகாரத்தை இல்லறவியலில்தான் வைத்தார். அடுக்களையும் முற்றமும் விருந்தும் பிள்ளைகளும் உள்ள இடம் அது. கிரேக்கத்தில் அரிஸ்டாட்டிலும் குணத்தைக் குறிக்கும் சொல் பழக்கத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது என்று எடுத்துக்காட்டித்தான் தன் அறநூலில் நற்குணத்தைப் பற்றிப் பேசத் தொடங்குகிறார்.

ஓட்டம் நின்றால் என்ன ஆகும் என்பதற்குத் திருவனந்தபுரத்திலேயே இன்னொரு பாடம் இருக்கிறது. 2000-ல் நகரத்துக் குப்பையை உரமாக்கும் ஆலை விளப்பில்சாலை என்ற பக்கத்துக் கிராமத்தில் தொடங்கியது. வீட்டில் பிரிக்காமல் எல்லாவற்றையும் ஒரே பையில் கட்டி வாசலில் வைத்தார்கள். லாரி வந்து அள்ளிப் போனது. வாசல் சுத்தமாக இருந்தது. நாற்றம் விளப்பில்சாலைக்காரர்கள் மூக்கில் இருந்தது. கிணறு கெட்டது, பிள்ளைகளுக்கு மூச்சு முட்டியது என்று அவர்கள் ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். 2011 டிசம்பரில் ஆலை வாசலுக்குப் பூட்டு விழுந்தது. அன்றைக்குத்தான் தலைநகரத்துக்குத் தன் குப்பையைத் தானே பார்க்கும் வேளை வந்தது. தெருமூலைகளில் குவிந்தது, எரிந்தது, ஓடைகளுக்குள் போனது. 2015-ல் ‘ஆபரேஷன் அனந்தா’ என்று பெயர் வைத்துத் தம்பானூர்ப் பகுதி ஓடைகளையும் வடிகால்களையும் தோண்டிச் சீர்செய்தார்கள். ஆக்கிரமிப்புகளை அகற்றினார்கள். நல்ல வேலை. ஆனால் தோண்டிய ஓடைக்கு மறுநாளும் கவர்கள் வந்தன.

நமக்கும் இதில் பங்கு உண்டு. 2024 டிசம்பரில் திருநெல்வேலி மாவட்டம் நடுக்கல்லூர், கொடகநல்லூர் பக்கம் கேரளத்திலிருந்து கொண்டுவந்து மருத்துவக் கழிவு உட்படக் குப்பை கொட்டப்பட்டது. ஊர் மக்கள் கொதித்தார்கள். பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டு, கேரளத்திலிருந்தே லாரிகள் வந்து திரும்ப அள்ளிக்கொண்டு போயின. நம் கோபம் நியாயமானது. அதே நியாயத்தோடு பெருங்குடிக்கும் கொடுங்கையூருக்கும் வெள்ளலூருக்கும் பக்கத்தில் குடியிருப்பவர்களின் முகத்தையும் நாம் பார்க்க வேண்டும். சென்னையும் கோவையும் தங்கள் விளப்பில்சாலைகளை வைத்துக்கொண்டுதான் வாழ்ந்து வந்திருக்கின்றன. ‘எங்க போகும்?’ என்ற கேள்விக்கு ‘இன்னொருவர் வீட்டுக்கு’ என்பதுதான் பெரும்பாலும் பதிலாக இருந்திருக்கிறது.

சித்தி வீட்டில் கேள்விக்கு வேறு பதில் கிடைத்தது. விளப்பில்சாலை ஆலை மூடிய பிறகு மாநகராட்சி, வீட்டு ஈரக்கழிவு வீட்டிலேயே மக்க வேண்டும் என்று ‘கிச்சன் பின்’ கொடுக்கத் தொடங்கியது. ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று அடுக்கு. மீன் செதிலும் காய்த்தோலும் மிஞ்சிய சோறும் மேலடுக்கில் விழும். அன்றன்றைய கழிவுக்கு மேல் நுண்ணுயிர் கலந்த தென்னை நார்த்தூள் ஒரு பிடி. இனாக்குலம் என்று சொல்வார்கள். அடுக்கு நிறைந்ததும் அது கீழே இறங்கும், காலியான அடுக்கு மேலே ஏறும். அடியில் இருப்பது கறுத்துப் பொலபொலவென்று ஆகிவிடும்.

சொல்வதற்கு எளிது. முதல் மாதம் சித்தி பட்ட பாடு எனக்குத் தெரியும். சோற்று நீரை வடிக்காமல் போட்டு நாறியது. புழு வந்தது. சித்தப்பா மூக்கைப் பொத்திக்கொண்டு அதை முற்றத்துக்குத் தள்ளினார். தெருவில் பாதிப் பேர் அந்த வாரமே தொட்டியைக் கவிழ்த்துவிட்டு, செடி நட்டுக்கொண்டார்கள். தூள் தீர்ந்தபோது உடனே கிடைக்காமல் இன்னும் சிலர் கைவிட்டார்கள். அவர்களைக் குற்றம் சொல்லி என்ன ஆகும்? கைக்கு எட்டுகிற இடத்தில் பொருள் இல்லை என்றால் நல்ல பழக்கம் ஒரு வாரம்கூட உயிரோடு இருக்காது. இதை ஒழுக்கம் பற்றிப் பேசுகிறவர்கள் மறந்துவிடுகிறோம். தனி மனிதனின் மன உறுதி பாதி தூரம்தான் வரும். மீதியை ஊர் அமைத்துக் கொடுக்க வேண்டும். சித்தி பிடித்து நின்றதற்குக் காரணம் அவர் கண்டுபிடித்த ஒரு சின்ன உபாயம். தூள் டப்பாவை உப்பு டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தார். சாயங்கால விளக்கு ஏற்றப் போகுமுன் கை தானாக அந்த டப்பாவுக்குப் போனது.

சித்திக்குத் தெரிந்த அந்த உபாயத்தை லண்டனில் ஆராய்ந்தும் பார்த்திருக்கிறார்கள். ஒரு பழக்கம் இருபத்தோரு நாளில் படிந்துவிடும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்திக்கு அடிப்படை கிடையாது. மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் 1960-ல் வெளியிட்ட புத்தகத்தில், மாறிய முகத்துக்கு மனிதர்கள் பழகக் குறைந்தது அவ்வளவு நாளாகிறது என்று சொன்னதைப் பிறர் திரித்துக்கொண்டார்கள். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலியும் உடன் பணியாற்றியவர்களும் 96 பேரைப் பன்னிரண்டு வாரம் கவனித்தார்கள். அவர்கள் ஒவ்வொருவரும் ஒரு சின்னச் செயலைத் தேர்ந்து, காலை உணவுக்குப் பின் என்பது போல, ஏற்கெனவே நடக்கும் ஒன்றோடு அதைக் கட்டிக்கொண்டார்கள். யோசிக்காமலே கை போகும் நிலைக்கு வரச் சராசரியாக 66 நாள் ஆனது. மிகக் குறைவு 18 நாள். மிக அதிகம் 254 நாள் ஆகும் என்று கணக்கு காட்டியது. இடையில் ஒரு நாள் தவறியதால் பெரிய நஷ்டம் வரவில்லை. என்னைப் போல ஒரு நாள் விட்டதும் ‘சரி, போச்சு’ என்று முழுவதையும் விட்டுவிடுகிறவர்களுக்குக் கடைசியில் சொன்னதுதான் மிகவும் வேண்டியது.

நம்மிடம் இதற்கு மண்டலம் என்ற பழைய அளவு உண்டு. மருந்துக்கு நாற்பத்தெட்டு நாள். சபரிமலை விரதத்துக்கு நாற்பத்தொரு நாள். கார்த்திகை பிறந்தால் தம்பானூர் முழுக்கக் கறுப்பு வேட்டிதான். பம்பைக்குப் போகும் பேருந்துக்கு இருமுடியோடு காத்திருப்பவர்களில் பாதிப் பேர் நம் பக்கத்து ஆட்கள். நாற்பத்தொரு நாள் விடியற்காலைக் குளியல், குடியில்லை, கோபமில்லை, எதிரில் வருகிறவர் யாராக இருந்தாலும் ‘சாமி’. ஒரு முரட்டு மனிதர் அந்த நாட்களில் தன் மனைவியிடமும் ஆட்டோக்காரரிடமும் எத்தனை தணிந்து பேசுகிறார் என்று நம் வீடுகளிலேயே பார்த்திருக்கிறோம். மாலையைக் கழற்றிய மறுநாளையும் பார்த்திருக்கிறோம். அதே விரதக்காரர்கள் பம்பையில் உடுத்திய துணியை விட்டுவிட்டு வருவதை ஒரு சடங்காகவே ஆக்கிக்கொண்டதால், ஆறு துணிக் கிடங்கு ஆனது. பி. விஜயன் என்ற காவல்துறை அதிகாரி 2011-ல் ‘புண்ணியம் பூங்காவனம்’ என்ற இயக்கத்தைத் தொடங்கி, மலைக்கு வருகிறவர் ஒரு மணி நேரமாவது துப்புரவு செய்வதையும் வழிபாட்டின் பகுதியாக்கினார். ‘சாமி’ என்று அழைப்பதற்குச் சரியான பொருள் அதில் இருக்கிறது. எதிரில் வருபவர் சாமி என்றால், நாம் விட்டுவந்ததை அள்ள வருபவரும் சாமிதான்.

இந்த இடத்தில் தைக்காட்டு அய்யாவைச் சொல்லாமல் என்னால் மேலே போக முடியாது. தமிழர். சுப்பராயன் என்று பெயர். திருவனந்தபுரத்தில் ஆங்கிலேய ரெசிடென்சியில் சூப்பரிண்டெண்ட் உத்தியோகம் பார்த்தவர். மனைவி, மக்கள், ஆபீஸ் என்று வாழ்ந்துகொண்டே யோகம் கற்பித்தார். நாராயண குருவும் சட்டம்பி சுவாமிகளும் அவரிடம் வந்து பயின்றார்கள். அய்யங்காளியும் அவரிடம் வந்தார். தைப்பூசத்தன்று சாதி பாராமல் எல்லோரையும் ஒரே வரிசையில் உட்கார வைத்துத் தானும் உட்கார்ந்து சாப்பிட்டார். நிழல் பட்டாலே தீட்டு என்று இருந்த ஊரில், பத்தொன்பதாம் நூற்றாண்டில். மேட்டுக்குடியினர் ஏசினார்கள்; அவர் அடுத்த ஆண்டும் இலை போட்டார். 1909-ல் மறைந்தார். ஒரே இலை வரிசை என்பது ஒரு விளக்கமும் தேவைப்படாத செயல். யாருக்குப் பக்கத்தில் உட்காருகிறோம், யார் தொட்டதைக் குடிக்கிறோம் என்பதில் நம் தலைமுறைகள் கடைப்பிடித்த கெட்ட பழக்கங்களும் ‘ஆசாரம்’ என்ற பெயரில் தினந்தினம் ஒழுகி வந்தவைதான். இருண்ட ஓடைக்குள் இறங்க வேண்டியவர் யார் என்பதையும் அந்தப் பழக்கமே வெகுகாலம் தீர்மானித்து வைத்திருக்கிறது. அதனால்தான் பால் கவரை அலசுவதைச் சுகாதார விஷயம் என்று மட்டும் என்னால் பார்க்க முடியவில்லை.

தம்பானூர்ப் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் செங்கல்லால் சுருள் சுருளாக எழும் இந்தியன் காபி ஹவுஸைப் பார்க்காதவர் குறைவு. லாரி பேக்கர் கட்டியது. உள்ளே படிக்கட்டும் மாடியும் கிடையாது. நத்தை ஓடு போலத் தரையே சுற்றிச் சுற்றி மேலே ஏறுகிறது. மேஜையும் பெஞ்சும் சுவரோடு சேர்த்துக் கட்டியவை. சுவர் முழுக்கச் சின்னச் சின்னத் திறப்புகள். அதன் வழியே காற்றும் தெரு வெளிச்சமும் வருகின்றன. விசிறித் தலைப்பாகை கட்டிய பரிமாறுகிறவர் காபியோடு அந்தச் சரிவில் ஏறுவதும் இறங்குவதுமாக இருப்பார். நடத்துவது தொழிலாளர்களின் கூட்டுறவுச் சங்கம். காபி போர்டு கடைகளை மூடியபோது, வேலையிழந்தவர்களை ஏ.கே. கோபாலன் திரட்டி உருவாக்கிய இயக்கத்தின் வழி வந்தது.

பேக்கர் 1917-ல் பர்மிங்காமில் பிறந்த ஆங்கிலேயர். போர்க்காலத்தில் சீனத்தில் மருத்துவச் சேவை செய்துவிட்டு ஊர் திரும்பும் வழியில் பம்பாயில் கப்பலுக்குக் காத்திருந்தபோது காந்தியைச் சந்தித்தார். காந்தியின் கண் முதலில் போனது அவர் காலுக்கு. கழிவுத் துணியால் தானே தைத்த செருப்பு. அங்கே தொடங்கிய பேச்சில், கட்டுமிடத்திலிருந்து ஐந்து மைல் சுற்றளவில் கிடைப்பதைக் கொண்டு கட்டுவதே நல்ல வீடு என்று காந்தி சொன்னதைப் பேக்கர் வாழ்நாள் முழுக்க நினைவுகூர்ந்தார். பின்னாளில் திருவனந்தபுரத்துக்கு வந்து, நாலாஞ்சிறையில் குடியிருந்து, 2007-ல் அங்கேயே மறைந்தார். இடித்த வீட்டுக் கதவு, உடைந்த ஓடு, காலிப் பாட்டில் எல்லாம் அவர் கட்டிய சுவர்களில் இடம்பிடித்தன. ‘ரப்பிஷ் பை பேக்கர்’ என்று குப்பையைப் பற்றித் தனிக் கையேடே எழுதினார். அவரைப் புகழ்கிறவர்கள் அவருடைய கற்பனையைப் புகழ்கிறார்கள். எனக்கு அந்தக் கைதான் பெரிதாகத் தெரிகிறது. எதையும் எறியுமுன் ஒரு நொடி நிறுத்தி, புரட்டிப் பார்க்கப் பழகிய கை. தம்பானூரில் இரண்டு அடையாளங்கள் சிறிது தூரத்துக்குள்ளேயே இருக்கின்றன. எறியும் கையின் வேலை ஓடைக்குள் கிடக்கிறது. எறியத் தயங்கிய கை காபி ஹவுஸாக நிற்கிறது.

ஊரே ஒரு பழக்கத்தை மாற்றிக்கொள்ள முடியுமா என்று சந்தேகப்படுகிறவர்கள் ஆற்றுக்கால் பொங்கலைக்கு ஒரு முறை போய்வர வேண்டும். கண்ணகியின் சினம் தணிந்த இடம் என்று நம்பப்படும் கோவில். மாசி மாதம் ஒரு நாள், லட்சக்கணக்கான பெண்கள் கோவிலைச் சுற்றிய சாலைகளிலும் தம்பானூரைத் தாண்டியும் மூன்று செங்கல் வைத்துப் பொங்கலிடுகிறார்கள். 2009-ல் இருபத்தைந்து லட்சம் பேர் என்று கின்னஸ் பதிவு. முன்பெல்லாம் பொங்கல் முடிந்த சாலையில் காகிதத் தட்டும் பிளாஸ்டிக் டம்ளரும் கணுக்கால் ஆழத்துக்குக் கிடக்கும். 2015 தேசிய விளையாட்டுப் போட்டியில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பொருளைத் தவிர்க்கும் ‘கிரீன் புரோட்டோகால்’ கேரளத்தில் நடைமுறைக்கு வந்தபின், அது பொங்கலைக்கும் வந்தது. தட்டும் டம்ளரும் வீட்டிலிருந்து கொண்டுவாருங்கள் என்று சொன்னார்கள். எங்கள் ஊரிலிருந்து போகிற பெண்கள் இப்போது அரிசி, வெல்லம், மண்பானையோடு எவர்சில்வர் தட்டையும் பையில் வைக்கிறார்கள். நைவேத்தியம் முடிந்த சில மணி நேரத்தில் மாநகராட்சி ஆட்கள் இறங்கிவிடுவார்கள். இரவுக்குள் சாலையைக் கழுவி விடுகிறார்கள். விட்டுப்போன செங்கற்களைச் சேர்த்து வீடில்லாதவர்களுக்கு வீடு கட்டக் கொடுக்கிறார்கள். காலையில் ஒரு பெண் அம்மனுக்கு அடுப்புக் கூட்டிய கல், யாரோ ஒருவர் வீட்டுச் சுவரில் ஏறுகிறது.

சித்தி வீட்டுக் கவர்கள் எங்கே போகின்றன என்பதை நான் இன்னும் சொல்லவில்லை. கேரளத்தில் ஹரித கர்ம சேனை என்று ஒரு பெண்கள் படை உண்டு. 1998-ல் தொடங்கிய குடும்பஸ்ரீ இயக்கத்துப் பெண்கள்தான் பெரும்பாலும். பச்சை மேல்சட்டை போட்டுக்கொண்டு மாதந்தோறும் வீடு வீடாக வந்து, கழுவி உலர்த்திய பிளாஸ்டிக்கை வாங்கிப் போவார்கள். அதற்கு ஒரு சிறு கட்டணம். வாசலில் ஒட்டியிருக்கும் கியூஆர் அட்டையைக் கைப்பேசியில் பதிந்துகொள்வார்கள். வாங்கியதைச் சேகரிப்பு மையத்தில் உட்கார்ந்து வகை வகையாகப் பிரிப்பதும் அவர்கள்தான். நல்ல பிளாஸ்டிக் மறுசுழற்சிக்குப் போகும். சிலது தூளாகித் தார்ச்சாலையில் சேரும். மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரி வாசுதேவன் காட்டிய வழி அது. எதற்கும் ஆகாதது சிமென்ட் ஆலை உலைக்கு. இந்தப் பெண்கள் வரத் தொடங்கியபோது காசு கொடுக்க மாட்டேன் என்று வாசலில் சண்டை பிடித்தவர்களும் உண்டு. கதவைத் திறக்காதவர்களும் உண்டு. அவர்கள் அடுத்த மாதமும் வந்தார்கள்.

நான் அங்கே இருந்த ஒரு நாள் வந்த சேச்சிக்கு ஐம்பது வயதிருக்கும். சாக்கைப் பிரித்து, சித்தி கொடுத்த கட்டில் கையை விட்டு ஒரு கவரை எடுத்து முகர்ந்து பார்த்தார். சந்தேகப்பட்டு அல்ல, கைப்பழக்கம். என்னைப் பார்த்துச் சிரித்துத் தமிழிலேயே சொன்னார்:

“இங்க பயமில்ல. சில வீட்டுல கழுவாம உருட்டித் தருவாங்க. மையத்துல அவுக்கும்போது உள்ள புழு நெளியும். கையுறை போட்டாலும் அந்த வாடை சோறு திங்கும்போது வரும்.”

நான் தயங்கியபடி அந்த முக்கோணத் துணுக்கைப் பற்றிக் கேட்டேன்.

“அதா? அது சாக்குல நிக்காது மோனே. கையிலயும் வராது. மழை வந்தா தோட்டுக்குத்தான் போகும்.”

சித்தி உள்ளேயிருந்து மூன்று டம்ளரில் சாயா கொண்டுவந்தார். ஒன்று அவருக்கு, ஒன்று எனக்கு, ஒன்று சேச்சிக்கு. ஒரே அளவு எவர்சில்வர் டம்ளர்கள், விளிம்பில் சித்தப்பா பெயர் வெட்டியவை. என் பாட்டி காலத்தில், எங்கள் வீட்டுக் கொல்லைப்புறத்தில், குப்பை அள்ள வந்தவருக்குச் சிரட்டையில் காபி ஊற்றியதை நான் பார்த்திருக்கிறேன். அதைச் சித்தியும் பார்த்தே வளர்ந்தார்.

சேச்சி திண்ணையில் உட்கார்ந்து ஆற்றிக் குடித்தார். அடுத்த தெருவில் ஒரு வீட்டு நாய் கடிக்க வருகிறது என்றார். மகளுக்கு நர்ஸிங் அட்மிஷன் கிடைத்துவிட்டது என்றார். சாக்கைத் தோளில் ஏற்றிக்கொண்டு படியிறங்கினார். சித்தி மூன்று டம்ளரையும் ஒன்றாகக் கொண்டுபோய்க் குழாயடியில் போட்டுத் தேய்த்தார். மேலே கொடியில் அன்றைக்கு அலசிப் போட்ட கவரிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.